பாச்சை உருண்டைக் கணக்கு

ஜூன் 11

கரட்டுப்புதூர் கரி ஒரு வழியாக வந்து சேர்ந்தது. அகழாய்வு இயக்குநர் நன்மாறன் சார் தினமும் போன் போட்டு "வந்துடுச்சா மேடம்?" என்று கேட்டதில், கூரியர்காரர் மேல் எனக்கே பரிதாபம் வந்துவிட்டது. அலுமினியத் தாளில் சுற்றி, டப்பாவில் போட்டு, மேலே ஒரு சீட்டு: நான்காம் குழி, எழுத்துள்ள பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தது.

ஓட்டில் இருப்பது நான்கே எழுத்து. யாரோ தன் பானையில் கீறி வைத்த பெயர். பானைக்கு வயது சொல்ல எனக்குத் தெரியாது. பக்கத்தில் எரிந்து கிடந்த கட்டைக்குச் சொல்லத் தெரியும். கட்டையின் வயதுதான் எழுத்தின் வயது, அதனால்தான் இத்தனை போன்.

ஆய்வகத்தில் எனக்கு உதவியாக இருக்கும் ரெஜினா, தன் தங்கை கல்யாணத்துக்கு நாகர்கோவில் கிளம்பினாள். பத்து நாள் லீவு. தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். "ஏம்மா, மூணாவது மேசை வரைக்கும் மணக்குதே, கல்யாணம் உனக்கா உன் தங்கைக்கா?" என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டே ஓடினாள். நாற்பது வயதில் அவளுக்கு வெட்கம் அழகாக இருக்கிறது.

அவள் போன பிறகு பொட்டலத்தைப் பிரித்தேன். நல்ல கரி. பெரிய துண்டுகள். கறுகறுவென்று, பளபளவென்று இருந்தது. வழக்கம்போலப் பாதியைக் கழுவ எடுத்துக்கொண்டு மறு பாதியைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு அலமாரியில் வைத்தேன்.

மத்தியானம் தயிர்சாதம் ஏனோ இறங்கவில்லை. கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஜூன் 13

கரியைக் கழுவி முடித்தேன். அமிலம், காரம், மறுபடி அமிலம். மண்ணிலிருந்து வந்த சுண்ணாம்பும் மக்கிப்போன இலைதழையும் இதில் போய்விடும்.

கரைப்பானில் கழுவுவது என்று இன்னொன்றும் உண்டு. எண்ணெய், மெழுகு, பசை ஏதாவது ஒட்டியிருந்தால் மட்டும்தான். அது ரெஜினாவின் வேலை, அந்தக் கண்ணாடிக் குழாய்களைப் பூட்ட அவளுக்குத்தான் கை வரும். மூன்று நாள் பிடிக்கும். கரியை அளக்கும் இயந்திரத்தில் எங்களுக்கு அடுத்த வாரம் முறை வருகிறது. அதை விட்டால் செப்டம்பர்தான். நன்மாறன் சார் ஆடிப்பெருக்கு அன்று ஆற்றங்கரையிலேயே அறிவிப்பு என்று அமைச்சரிடம் தேதி வாங்கிவிட்டார்.

எப்படியும் இந்தக் கரிக்கு அந்தக் கழுவல் தேவையில்லை.

வீட்டில் வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. இவர் ஆளைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சொல்லுவார்.

ஜூலை 4

எண் வந்துவிட்டது. கி.மு. எட்டாம் நூற்றாண்டு!

நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். நன்மாறன் சார் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்றுதான் எதிர்பார்த்திருந்தார். "அறுநூறு வருஷம் முன்னாடியா மேடம்?" என்று கேட்டார். அழுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முப்பது வருஷமாக வெயிலில் குழிக்குள் நின்ற மனுஷன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

மூக்கைச் சிந்திவிட்டு நிதானமாகக் கேட்டார். "சந்தேகம் ஏதாவது இருக்கா மேடம்? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் என்னால தாங்க முடியாது."

"இயந்திரம் பொய் சொல்லாது சார்" என்றேன்.

இயந்திரத்தைப் பற்றி நான் சொன்னது உண்மைதான்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

கரட்டுப்புதூரில் இருந்து எழுதுகிறேன். அமராவதியில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடுகிறது. கரையில் பந்தல், பந்தலுக்குப் பின்னால் பெண்கள் விளக்கு விடுகிறார்கள். இப்படி ஒரு இடத்தில் இப்படி ஒரு செய்தியைச் சொல்ல யாருக்குக் கொடுத்து வைக்கும்?

அமைச்சர் பேசும்போது தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த கூட்டம், நான் பேசும்போது அடங்கிவிட்டது. பெருமையாகத்தான் எழுதுகிறேன். எனக்கு வருவது இது ஒன்றுதான்: எந்தக் கடினமான விஷயத்தையும் எதிரில் இருப்பவருக்குப் புரியும்படி சொல்லிவிடுவேன். டி.வி.க்காரர்கள் என்னைக் கூப்பிடுவதும் அதற்காகத்தானே தவிர என் முகத்துக்காக அல்ல.

"துணிப்பெட்டியில பாச்சை உருண்டை போட்டு மூடி வைக்கிறோம் இல்லையா? அது கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். பெட்டியைத் திறக்கும்போது உருண்டை எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்த்தா, பெட்டியை எப்ப மூடினாங்கன்னு சொல்லிடலாம். மரமும் அப்படித்தான். உயிரோட இருக்கிறவரைக்கும் காத்துல இருந்து ஒரு விதமான கரியை உள்ளே எடுத்துக்கிட்டே இருக்கும். செத்ததும் பெட்டி மூடிடும். அந்தக் கரி கரைய ஆரம்பிக்கும். மிச்சத்தை அளந்து நாங்க வயசு சொல்றோம்."

முன்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து நின்றார். அறுபது இருக்கும். கைநாட்டுக் கூச்சம் எதுவும் இல்லாத கணீர்க் குரல். "ஏனம்மிணி, நடுவுல யாராச்சும் பொட்டியத் தொறந்து வேற எதையாச்சும் உள்ள போட்டிருந்தா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் அம்மா நாங்க கழுவிக் கழுவிப் பார்க்கிறோம்!" என்றேன். பந்தலே கை தட்டியது.

அந்த அம்மாள் பெயர் பழனாத்தாள். அவர் கணவர் சென்னியப்பனின் தென்னந்தோப்பு ஓரத்தில்தான் குழிகள் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் இருவரும் என்னை விடாமல் தோப்புக்கு அழைத்துப் போனார்கள். சென்னியப்பன் இளநீர் சீவிக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற நன்மாறன் சார், பழைய குடியிருப்பு தோப்புக்கு அடியில் நீள்கிறது, ஆனால் மரம் நிற்கும்வரை தோண்ட முடியாது என்றார். கட்டாயம் இல்லை, நஷ்ட ஈடு உண்டு, முடிவு அவர்கள் கையில்.

"மொத்தம் அறுவது மரமுங்க மேடம்" என்றார் சென்னியப்பன். "நான் எப்பவோ செரின்னுட்டேன். இவதான் பிடி குடுக்க மாட்டேங்கறா."

"நட்டது நானு" என்றார் பழனாத்தாள். "மழையே இல்லாத வருசம், கொடத்துல தண்ணி சொமந்து ஊத்துனேன். இவரு சொமக்கல."

"அதுக்கில்லீங்க. நம்ம மண்ணுல, நம்மாளுக அத்தன காலத்துக்கு முந்தியே எழுதிப் படிச்சிருக்கறாங்கன்னு மேடம் சொல்றாங்க. அதுக்கு மேல மரமென்ன மட்டையென்ன?" என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாங்கூட அதுக்குக் கொஞ்சம் ஒதவியிருக்கறனுங்க. கோடையில ஒரு மழை பேஞ்சு குழியெல்லாம் நெறஞ்சுபோச்சு. சார் தலைல கைய வெச்சுட்டு உக்காந்துட்டாரு. நாந்தான் நம்ம ஆயில் இன்ஜினக் கொண்டாந்து எறக்கி, பூராத் தண்ணியும் எறச்சுப்போட்டனுங்க. நடுவுல டியூப்பு புட்டுக்கிட்டு டீசலாக் கொட்டிப்போச்சு. இருந்தாலும் ஓடு தப்பிச்சுதுங்களே!"

"எந்தக் குழியில?" என்று கேட்டேன்.

"நாலாவது குழிதானுங்க. உங்க கரி வந்த குழி."

இளநீர் நன்றாக இருந்தது. இரண்டு குடித்தேன்.

மறக்காமல் ஒன்றை இங்கே குறித்துவைக்கிறேன். ஜூன் பதினொன்று அன்று எனக்குச் சரியான சளி. மூக்கு அடைத்து வாசனை எதுவுமே தெரியவில்லை.

ஆகஸ்ட் 6

வாஷிங் மெஷின்காரர் வரவில்லை. கையால் துவைத்தேன்.

ஆகஸ்ட் 14

மூன்று டி.வி., ஒரு வானொலி. ஒரு பள்ளியில் பிள்ளைகள் பாச்சை உருண்டைகளைத் தராசில் எடை போட்டுப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இவர் என் பேட்டி வந்த பத்திரிகைகளை எல்லாம் வாங்கி வந்து மாமியாருக்கு வாசித்துக் காட்டுகிறார்.

பேட்டிகளில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இந்தக் கண்டுபிடிப்பின் முக்கியத்துவம் என்ன? நன்றாகவே பதில் சொல்கிறேன். சொல்லி முடித்துவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கையைத் துடைத்துக்கொள்கிறேன். எத்தனை பேர் கை குலுக்குகிறார்கள்.

ஆகஸ்ட் 20

அலமாரியில் இருந்த மறு பாதிக் கரியை எடுத்து ரெஜினாவிடம் கொடுத்தேன். கரைப்பானில் கழுவித் தரச் சொன்னேன். சும்மா, ஒரு மன நிறைவுக்கு.

குப்பியின் மூடியைத் திறந்தவள் முகத்தைச் சுளித்தாள். "என்ன மேடம், மெக்கானிக் ஷாப் மாதிரி வாடை அடிக்குது?"

"அப்படியா?" என்றேன்.

ஆகஸ்ட் 22

கரைப்பான் தேநீர் நிறத்தில் இறங்கியிருக்கிறது. சில கரியில் அப்படி வருவது உண்டு. மரத்தின் பிசினாகவும் இருக்கலாம்.

முறைக்காகக் காத்திருக்க வேண்டும். செப்டம்பரில்தான் இயந்திரம் கிடைக்கும். அதுவரை இதைப் பற்றி நினைப்பதில்லை என்று முடிவு செய்தேன். வீட்டில் வாஷிங் மெஷின் சரியாகிவிட்டது. மோட்டாரில் ஒரு ஹேர்பின் சிக்கி இருந்ததாம். என்னுடையதுதான்.

செப்டம்பர் 9

எண் வந்தது. இங்கே எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 10

ரேஷன் கார்டில் மாமியார் பெயர்த் திருத்தம். வெண்டைக்காய் முற்றல். இவர் "ஏன் ஒரு மாதிரியா இருக்கே?" என்று கேட்டார். தலைவலி என்றேன்.

செப்டம்பர் 12

ஒரு அளவை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. இதுவும் ஒரே அளவுதான். இரண்டாவது சரி, முதலாவது தப்பு என்று எப்படிச் சொல்வது? மூன்றாவதாக ஒன்று அளந்தால்தான் தெரியும். மூன்றாவதுக்குக் கரி இல்லை. நன்மாறன் சாரிடம் இப்போதே சொன்னால் மனுஷன் உடைந்துபோவார். நிதானமாக யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்படி யோசித்துக்கொண்டு இருக்கும்போதே போன். சென்னியப்பன்.

"மேடமுங்களா? நல்லா இருக்கறீங்களா? டி.வி.ல பார்த்தனுங்க. பச்சைச் சேலை கட்டிட்டு இருந்தீங்க."

நலம் விசாரித்தேன். மழை விசாரித்தேன். தேங்காய் விலைகூட விசாரித்தேன். எதற்காகப் போன் செய்கிறார் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணுமுங்க. இவ ஒரு வழியா எறங்கி வந்துட்டா. நாளான்னிக்கு, ஞாயித்துக்கெழம, ஆளு வருது மரத்துக்கு. அதுக்கு முந்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுறச் சொன்னா. அந்தக் கணக்கு உறுதிதானுங்களே? வெட்டீரலாமுங்களா?"

"உங்க தோப்பு. நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றேன்.

"செரிங்க மேடம். நீங்க சொன்னாச் செரிதானுங்க" என்று சந்தோஷமாக வைத்துவிட்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. வெட்டச் சொல்லி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

செப்டம்பர் 13

அவர் நம்பரை இரண்டு தடவை எடுத்தேன். என்னவென்று சொல்வது? இன்னும் உறுதியாகாத ஒன்றைச் சொல்லி அவரைக் குழப்புவது விஞ்ஞானம் ஆகுமா? நாளைக்கு நன்மாறன் சாரிடம் முதலில் பேசிவிட்டு, முறைப்படி, அவர் மூலமாகவே சொல்லலாம். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

செப்டம்பர் 14

ஞாயிற்றுக்கிழமை. நன்மாறன் சாரைத் தொந்தரவு செய்யவில்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்.

செப்டம்பர் 17

வாட்ஸப்பில் எட்டு போட்டோ. சென்னியப்பன் அனுப்பியிருக்கிறார். மரங்கள் வரிசையாகப் படுத்துக் கிடக்கின்றன. குலையோடு வெட்டியிருக்கிறார்கள். பிஞ்சுகள் எல்லாம் உதிர்ந்து தரை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றில் அவர் அடிமரத்தில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். கடைசிப் படத்தில் பழனாத்தாள், கேமராவுக்கு முதுகு காட்டி நிற்கிறார்.

கீழே குரல் பதிவு: "வேலை முடிஞ்சுதுங்க மேடம். இனி நீங்க பாத்துக்கங்க."

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் ஒரு கேடுகெட்டவள். இந்த ஒன்றையாவது சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் 18

நன்மாறன் சாரிடம் சொல்லிவிட்டேன். இரண்டாம் நூற்றாண்டுதான். அவர் முதலில் எதிர்பார்த்ததுதான் சரி. கரியில் டீசல் இருந்திருக்கிறது. டீசல் பூமிக்குள் கோடிக்கணக்கான வருஷம் கிடந்த பொருள், அதில் பாச்சை உருண்டை துளிகூட மிச்சம் இருக்காது. பாலில் தண்ணீர் கலந்த மாதிரி, அது கலக்கக் கலக்க மிச்சம் குறைவாகத் தெரியும், வயது கூடிக்கொண்டே போகும். இதையும் நன்றாகத்தான் விளக்கினேன்.

"எப்ப தெரிஞ்சுது மேடம்?"

"நேத்துதான் சார்."

"இன்ஜின் எறக்கினதை நான் சீட்டுல எழுதியிருக்கணும். மறந்துட்டேன். என் தப்பு." "நீங்க என்ன பண்ணுவீங்க, பார்த்தாத் தெரியிற விஷயமா அது?"

"தெரியாது சார்" என்றேன்.

செப்டம்பர் 22

திருத்த அறிக்கை வெளியாகிவிட்டது. நானும் நன்மாறன் சாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். காரணம் ஒரே வரி: "நீர் இறைக்கப் பயன்படுத்திய, விவசாயி ஒருவருக்குச் சொந்தமான டீசல் இயந்திரத்தில் ஏற்பட்ட கசிவு." மூன்று முறை வாசித்துப் பார்த்தேன். அதில் பொய் எதுவும் இல்லை.

தோண்டும் வேலை தோப்புப் பக்கம் இப்போதைக்கு இல்லையாம். நிதியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

செப்டம்பர் 24

ஒரு பத்திரிகை அவர் பெயரையே போட்டுவிட்டது. கொட்டை எழுத்தில்: "விவசாயி இன்ஜினால் வந்த வினை." பேட்டி கேட்டு என்னைக் கூப்பிட்டார்கள். விஞ்ஞானம் தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும் அழகைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

சென்னியப்பன் போனை எடுக்கவில்லை. ஐந்து தடவை அடித்துவிட்டேன்.

சாயங்காலம் ரெஜினா என் மேசைக்கு வந்து நின்றாள். "மேடம், அந்தக் குப்பியைத் திறந்த உடனே எனக்கே அடிச்சுதே. ஜூன்ல நீங்க பொட்டலம் பிரிச்சப்ப..."

"அன்னிக்கு எனக்குச் சளிம்மா."

"என் பிச்சிப்பூ மூணாவது மேசை வரைக்கும் மணக்குதுன்னு சொன்னீங்களே மேடம்" என்றாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டி வந்ததே என்று அவள்தான் வருத்தப்படுகிற மாதிரி இருந்தது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆமாம். மணத்தது. பிச்சிப்பூவும் மணத்தது, டீசலும் மணத்தது. தயிர்சாதம் சாப்பிட்ட கையில்கூட டீசல் மணத்தது.

செப்டம்பர் 27

கரட்டுப்புதூர் போய்விட்டு வந்தேன்.

யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி, உடுமலையில் இறங்கி டவுன் பஸ் பிடித்தேன். பஸ் ஸ்டாப்பில் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு இன்னொருவரிடம் "இன்ஜின்காரர் ஊட்டுக்குத்தான் போறாங்க" என்றார். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவரைத் தோட்டத்துக்காரர் என்று சொல்லியிருப்பார்கள்.

தோப்பு இருந்த இடத்தில் வெயிலில் கண் கூசியது. முழங்கால் உயரத்தில் அறுபது அடிமரங்கள். அந்த இடத்தை நான் இரண்டாம் முறை பார்க்கிறேன், எனக்கே அடையாளம் தெரியவில்லை. மிச்சம் இருந்த ஒரே ஒரு வேப்பமரத்தடியில் பழனாத்தாள் காய்ந்த ஓலையைக் குவித்துப்போட்டு ஈர்க்கு கிழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தி நிற்கவில்லை. "வா அம்மிணி" என்றார், அவ்வளவுதான்.

சென்னியப்பன் வீட்டுக்குள் இருந்து வேகமாக வந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தவர், என் எதிரில் வந்ததும் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"மன்னிச்சுப்போடுங்க மேடம். என்னால உங்க பேரு கெட்டுப்போச்சு. நல்லது பண்றதா நெனச்சு இன்ஜினக் கொண்டாந்து எறக்கி, ஊருக்கே அவமானம் பண்ணிப்போட்டனுங்க. உங்க போன எடுக்கவே எனக்கு மொகமில்லீங்க. அந்த இன்ஜினத் தூக்கி எடைக்குப் போட்டுட்டேன்."

அவர் கை கூப்பியபடியே நின்றார். ரயிலில் வரும்போது சொல்ல வேண்டியதை எல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். பால், தண்ணீர், பாச்சை உருண்டை. எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"கையை எடுங்க" என்றேன். "உங்க இன்ஜின் மேல தப்பு இல்ல. கரியில டீசல் பட்டா அதைக் கழுவி எடுக்கறதுக்கு வழி இருக்கு. அது என் வேலை. பொட்டலத்தைப் பிரிச்ச அன்னிக்கே எனக்கு டீசல் வாடை தெரிஞ்சுது. மூணு நாள் ஆகும்னு கழுவாம விட்டுட்டேன். ஆடிப்பெருக்கு அன்னிக்கு நீங்க இன்ஜின் கதையைச் சொன்னப்பவே எனக்கு விளங்கிடுச்சு. மறுபடியும் அளந்தேன். ஒன்பதாம் தேதியே தப்புன்னு தெரியும். பன்னண்டாம் தேதி நீங்க போன் பண்ணிக் கேட்டீங்க."

சென்னியப்பன் கையை இறக்கினார். என்னைப் பார்க்கவில்லை, அடிமரங்களைப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அங்கே இருந்த அடிமரம் ஒன்றின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். "அந்த இன்ஜின் எங்கய்யன் வாங்குனதுங்க" என்றார்.

பழனாத்தாள்தான் கத்தியைக் கீழே வைத்தார்.

"உக்காரு அம்மிணி. நான் படிக்காதவ. அன்னிக்குப் பொட்டிக் கதை சொன்னியே, எனக்கே வெளங்குச்சு. அது வெளங்குனதுனாலதான் மரத்தை வுட்டுக்குடுத்தேன். இப்பச் சொன்னதுல பாதி வெளங்குது. வாசம் தெரிஞ்சுது, சோம்பல்ல வுட்டுட்டே. செரி, மனுசருக்கு வர்றதுதான்." மடியில் கிடந்த ஈர்க்குகளைத் தட்டிவிட்டார். "இவரு போன் பண்ணுனப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். 'வெட்டாதீங்க, ரெண்டு நாள் பொறுங்க'ன்னு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா மரம் நின்னிருக்கும். அத ஏஞ் சொல்லல? அதையும் பொட்டிக் கதையாட்டம் எனக்கு வெளங்கறாப்பல சொல்லு."

வாயைத் திறந்தேன். நன்மாறன் சார் உடைந்துபோவார் என்று சொல்லலாமா? முறை என்று சொல்லலாமா? பச்சைச் சேலையில் டி.வி.யில் நான் அழகாக இருந்தேன் என்பதையா சொல்வது? எதை எடுத்தாலும் அது அவர் முகத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

"சொல்லு, அவசரமில்ல" என்றார். மறுபடி கத்தியை எடுத்து ஈர்க்கு கிழிக்க ஆரம்பித்தார்.

சாயங்காலப் பஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கிழித்துக்கொண்டே இருந்தார், அவ்வப்போது நிமிர்ந்து பார்த்தார். கிளம்பும்போது சென்னியப்பன் பழக்கதோஷத்தில் எழுந்து பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார்.

செப்டம்பர் 29

நன்மாறன் சாருக்கும், நிறுவனத்துக்கும், அந்தப் பத்திரிகைக்கும் ஒரே கடிதம் அனுப்பிவிட்டேன். வாடை தெரிந்தும் கழுவவில்லை. ஒன்பதாம் தேதியே தெரிந்தும் மறைத்தேன். விவசாயி மேல் எந்தத் தவறும் இல்லை. மூன்றே வரி. நன்மாறன் சார் இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார் என்று தோன்றவில்லை. ரெஜினா என் மேசையில் காப்பி வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு பழனாத்தாளுக்கு எழுத உட்கார்ந்தேன். சென்னியப்பன் வாசித்துக் காட்டுவார்.

காலையில் இருந்து தாளில் "ஏனென்றால்" என்று ஒரு சொல் மட்டும் இருக்கிறது.